ஜப்பானிய ரியோகானில் தங்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஜப்பானுக்குக் கிளம்பும் உறவினர்களும் நண்பர்களும் சில ஆண்டுகளாக என்னிடம் கேட்டுவரும் கேள்விகள் இவை. ஒரே சந்தேகத்துக்குத் தொலைபேசியில் பல தடவை பதில் சொன்ன பிறகு எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கொடுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

ரியோகான் என்பது ஹோட்டல்தானே? பெயர் மட்டும்தான் வேறா?

ஹோட்டலில் நீங்கள் எடுப்பது ஓர் அறை. ரியோகானில் அறை, வெந்நீர்க் குளியல், இரவுச் சாப்பாடு, படுக்கை, காலைச் சாப்பாடு எல்லாம் சேர்ந்து ஒரே ஏற்பாடு. மாலை மூன்று மணியிலிருந்து மறுநாள் காலை பத்து மணி வரை உங்கள் பொழுதை அவர்கள் திட்டமிட்டு வைத்திருப்பார்கள். விடுதியை நடத்தும் பெண்மணியை ஒகாமி என்பார்கள். பெரும்பாலும் உரிமையாளர் குடும்பத்தைச் சேர்ந்தவராக இருப்பார். உங்கள் அறையைக் கவனித்துக்கொள்பவர் நகாய்-சான்.

மிகப் பழைய வழக்கம் இது. இன்று தோக்கியோ எனப்படும் எதோ நகரையும் கியோத்தோவையும் இணைத்த தொக்காய்தோ நெடுஞ்சாலையில் 53 தங்கல் ஊர்கள் இருந்தன. நடந்து வரும் வழிப்போக்கர்களுக்குச் சோறு போட்டுப் படுக்க இடம் கொடுத்த சத்திரங்களின் வழியில் வந்தவைதான் இன்றைய ரியோகான்கள். யமனாஷி மாநிலத்தில் உள்ள கெய்உன்கான் கி.பி. 705இல் தொடங்கப்பட்டது. உலகின் மிகப் பழைய ஹோட்டல் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றிருக்கிறது. இஷிகாவா மாநிலத்தில் அவாசு என்ற ஊரில் இருக்கும் ஹோஷி விடுதி தன் தொடக்கத்தை 718 என்று சொல்கிறது.

இரண்டு பேருக்கு ஓர் அறை என்றால் ஒரு வாடகைதானே?

இல்லை. இந்த இடத்தில்தான் பலர் கணக்கில் தவறுகிறார்கள். ரியோகானில் கட்டணம் ஆளுக்கு இவ்வளவு என்று இருக்கும். ஓர் இரவு, இரண்டு வேளைச் சாப்பாடு என்பது வழக்கமான ஏற்பாடு. நடுத்தரமான விடுதியில் ஒருவருக்கு 15,000 முதல் 30,000 யென் வரை ஆகும். பெயர் பெற்ற விடுதிகளில் 50,000 யென்னைத் தாண்டும். குடும்பமே நடத்தும் சிறு விடுதிகளை மின்ஷுகு என்பார்கள். அவற்றில் செலவு குறைவு. படுக்கையை நாமே விரித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

வெந்நீர் ஊற்று உள்ள ஊர்களில் குளியல் வரி தனியாக வாங்குவார்கள். பெரும்பாலான ஊர்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 150 யென். தொகை சிறியதுதான், ஆனால் இணையத்தில் முழுப் பணமும் கட்டிய பிறகு மறுபடி கேட்கிறார்களே என்று சிலர் சண்டைக்குப் போய்விடுகிறார்கள். அது ஊராட்சிக்குப் போகும் பணம்.

பகல் முழுக்க ஊர் சுற்றிவிட்டு இரவு ஒன்பது மணிக்குப் போனால் என்ன?

போகாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். மூன்று, நாலு மணிக்குள் போய்விடுங்கள். இரவுச் சாப்பாடு ஆறு மணி அல்லது ஆறரை மணிக்கு. அதற்கு முன் ஒரு குளியல் போட நேரம் வேண்டும். சாப்பாட்டை ஒவ்வொரு உணவாக, சூடு ஆறாமல் கொண்டுவருவார்கள். நீங்கள் வரும் நேரத்தைக் கணக்கிட்டுத்தான் அடுப்படியில் மீனை வாட்டவே தொடங்குகிறார்கள்.

முதல் தடவை நாங்கள் ஒரு மலையூருக்கு ஏழே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். ரயிலடியிலிருந்து கடைசிப் பேருந்து ஐந்தரைக்கே போய்விட்டது, டாக்சி கிடைக்க நேரமாயிற்று. விடுதியில் யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஆனால் சாப்பாட்டுக் கூடத்தில் எங்கள் மேசையைத் தவிர எல்லாம் துடைத்து வைக்கப்பட்டிருந்தன. எங்களுக்குப் பரிமாறிய வயதான பெண்மணி வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய நேரம் அது. தாமதமாகும் என்று தெரிந்தவுடனே தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். அதைச் செய்யாமல் விட்டதற்காக இன்றும் வருந்துகிறேன்.

மலையூர்களில் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று முன்பதிவு செய்யும்போதே பார்த்துவிடுங்கள். முன்கூட்டிச் சொன்னால் ரயிலடிக்கே வண்டி அனுப்பும் விடுதிகள் நிறைய உண்டு. சில இடங்களில் இரவு பத்து, பதினோரு மணிக்கு வாசற்கதவைப் பூட்டிவிடுவார்கள் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

செருப்பு விஷயம் குழப்பமாக இருக்கிறது. எங்கே கழற்றுவது, எங்கே போட்டுக்கொள்வது?

வாசற்படியில் காலணியைக் கழற்றிவிட வேண்டும். வீட்டுக்குள் செருப்புடன் நுழையாத நமக்கு இது புதிதில்லை. அங்கே கொடுக்கும் உள்செருப்பைப் போட்டுக்கொண்டு நடைபாதையில் நடக்கலாம். தத்தாமி என்ற கோரைப் பாய் விரித்த அறைக்குள் உள்செருப்பும் கூடாது. வெறுங்காலோ காலுறையோ மட்டும்தான். கழிவறைக்குள் தனியாக ஒரு ஜோடி இருக்கும். உள்ளே போகும்போது அதை மாட்டி, வெளியே வரும்போது அங்கேயே விட்டுவிட வேண்டும். அந்தக் கழிவறைச் செருப்போடு நடைபாதைக்கு வந்துவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு.

பாயின் மேல் பெட்டியை உருட்டாதீர்கள், தூக்கி வையுங்கள். சுவரில் சற்று உள்வாங்கிய மாடம் ஒன்று இருக்கும். அதில் ஒரு சித்திரச் சுருளும் பூச்சாடியும் வைத்திருப்பார்கள். தொக்கொனோமா என்று பெயர். பையை வைக்க வசதியான மேடை போலத் தெரியும். அறையில் மதிப்புக்குரிய இடம் அதுதான், எதையும் வைக்காதீர்கள்.

அறையில் கட்டிலே இல்லையே, எங்கே தூங்குவது?

நீங்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் போயிருக்கும் நேரத்தில் மேசையை ஓரமாக நகர்த்திவிட்டு, அலமாரியிலிருந்து ஃபுத்தோன் என்ற மெத்தைகளை எடுத்து விரித்துவைப்பார்கள். அறையிலேயே சாப்பாடு என்றால் சாப்பிட்டு முடித்த பிறகு வருவார்கள். ஒருமுறை அறையில் இருந்தபடியே பார்த்தேன். வந்தவர் உறையின் இரு மூலைகளைப் பிடித்து ஒரே உதறலில் விரித்தார். மடிப்பு ஒன்றுகூட இல்லாமல் உள்ளங்கையால் நீவி, தலைமாட்டில் குடிநீர்க் குடுவையை வைத்து, முழந்தாளிட்டு வணங்கிவிட்டுப் போனார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

பாய்க்கு ஒரு மணம் உண்டு, காய்ந்த புல்லின் மணம். மெத்தை மெல்லியதாகத் தோன்றினால் கூச்சப்படாமல் இன்னொன்று கேளுங்கள், கொடுப்பார்கள்.

யுகாத்தா என்ற அங்கியை எப்படிக் கட்டுவது? அதோடு வெளியே போகலாமா?

இடது பக்கத்தை வலது பக்கத்தின் மேல் கொண்டுவந்து மூட வேண்டும். மாற்றிக் கட்டக்கூடாது. வலது பக்கம் மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. கச்சையைப் பெண்கள் இடுப்பிலும், ஆண்கள் கொஞ்சம் கீழே இறக்கியும் கட்டுவார்கள். குளிர் காலத்தில் மேலே போட்டுக்கொள்ள ஒரு மேலங்கி இருக்கும். உயரமானவர்கள் பெரிய அளவு கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

விடுதிக்குள் குளியலுக்கு, சாப்பாட்டுக்கு, தூங்க என எல்லாவற்றுக்கும் இது ஒன்றே உடை. வெந்நீர் ஊற்று ஊர்கள் சிலவற்றில் தெருவிலும் இதோடு நடக்கலாம். ஹியோகோ மாநிலத்தின் கினோசாக்கி அதற்கே பெயர் போனது. அங்கே ஏழு பொதுக் குளியல் இல்லங்கள். மாலையானால் மரக்கட்டைச் செருப்பு கல்லில் தட்டும் ஓசை வில்லோ மரங்கள் நிற்கும் கால்வாய்க் கரை முழுக்கக் கேட்கும். நான் போன ஊர்களில் மறுபடி போக விரும்புவது எது என்றால் தயங்காமல் கினோசாக்கி என்பேன்.

குளியலில் உண்மையிலேயே ஆடை இல்லாமல்தான் இறங்க வேண்டுமா?

ஆம். நீச்சல் உடையும் கூடாது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குளம், வாசலில் துணித்திரை. பெரும்பாலும் ஆண்களுக்கு நீலம், பெண்களுக்குச் சிவப்பு. ஆனால் நிறத்தை மட்டும் நம்பாமல் எழுத்தைப் பாருங்கள். பல விடுதிகளில் இரவுக்கும் காலைக்கும் இடையே இரண்டு குளங்களையும் மாற்றிவிடுவார்கள். நேற்று நீங்கள் குளித்த இடம் இன்று மற்றவர்களுடையதாக இருக்கும்.

உங்கள் கூச்சம் எனக்குப் புரிகிறது. குளத்திலும் ஆற்றிலும் குளித்து வளர்ந்தவர்களும்கூட நாம் துணியோடு குளித்தவர்கள்தாம். என் அனுபவத்தில் முதல் மூன்று நிமிடம்தான் கடினம். ஒருவரும் ஒருவரையும் பார்ப்பதில்லை. நீராவியும் அதற்கு உதவும்.

சரி, குளிக்கும் முறை என்ன?

முதலில் உடம்பைச் சுத்தம் செய்ய வேண்டும், பிறகுதான் குளம். சுவரோரம் குழாய்களும் தாழ்வான முக்காலிகளும் இருக்கும். உட்கார்ந்து, சோப்புப் போட்டு, நுரை ஒரு துளியும் இல்லாமல் அலசிவிட்டு, பிறகு இறங்குங்கள். தலைக்கு எண்ணெய் வைத்திருந்தால் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். எண்ணெய்ப் படலம் தண்ணீரில் மிதந்தால் எல்லோருடைய குளியலும் கெட்டுவிடும். நீண்ட கூந்தலை உயர்த்தி முடிந்துகொள்ள வேண்டும். கையில் கொடுக்கும் சிறு துண்டைத் தண்ணீரில் நனைக்கக்கூடாது. மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்வார்கள்.

தண்ணீர் பொதுவாக 40 முதல் 42 டிகிரி செல்சியஸ் இருக்கும். முதல் தடவை ஐந்து, பத்து நிமிடம் போதும். மது அருந்திவிட்டு இறங்கவே இறங்காதீர்கள். முட்டை வாடை அடிக்கும் கந்தக ஊற்று என்றால் வெள்ளி நகை கறுத்துவிடும். கொலுசைக் கழற்றி அறையில் வைத்துவிட்டுப் போங்கள். மெட்டியைக் கழற்றும் வழக்கம் இல்லாதவர்கள் கந்தகம் இல்லாத ஊற்று உள்ள ஊரைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

என்ன சொன்னாலும் எனக்கு மற்றவர் முன்னால் முடியாது. வேறு வழி இல்லையா?

இருக்கிறது. கஷிகிரி என்று கேளுங்கள். முக்கால் மணி அல்லது ஒரு மணி நேரத்துக்கு ஒரு சிறு குளத்தை உங்களுக்கு மட்டும் ஒதுக்குவார்கள். கணவன் மனைவியோ குடும்பமாகவோ போகலாம், உள்ளே தாழ்ப்பாள் உண்டு. சில விடுதிகளில் இலவசம், சிலவற்றில் தனிக் கட்டணம். கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்தால் அறையின் முற்றத்திலேயே வெந்நீர்த் தொட்டி உள்ள அறை கிடைக்கும். பச்சை குத்தியவர்களுக்கும் இதுதான் வழி. பச்சை குத்தியவர்களைப் பொதுக் குளத்தில் அனுமதிக்காத விடுதிகள் இன்னும் பல. மேலே சொன்ன கினோசாக்கியின் பொதுக் குளியல் இல்லங்களில் அந்தத் தடை கிடையாது.

மாதவிடாய் நாட்களில்? கர்ப்பமாக இருந்தால்?

மாதவிடாய் நாட்களில் பொதுக் குளத்தைத் தவிர்த்து, அறையில் உள்ள குளியலறையைப் பயன்படுத்துங்கள். அறையில் குளியலறை இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், எல்லா விடுதியிலும் இருக்காது.

கர்ப்பிணிகள் வெந்நீர் ஊற்றில் குளிக்கக்கூடாது என்று முன்பு எச்சரிக்கைப் பலகைகளில் இருந்தது. 2014இல் ஜப்பானின் சுற்றுச்சூழல் அமைச்சகம் அந்த வரியை நீக்கிவிட்டது. ஆனாலும் தரை வழுக்கும், சூடு அதிகம். உங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு, துணைக்கு ஒருவருடன் போங்கள்.

நான் சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டியதுதானா?

சொல்லாமல் போனால் ஏறக்குறைய அப்படித்தான். ரியோகானின் இரவு விருந்து கைசெகி எனப்படும். சிறு சிறு கிண்ணங்களில் பத்துப் பன்னிரண்டு வகை வரும். பச்சை மீன், வாட்டியது, வேகவைத்தது, பொரித்தது, கடைசியில் சோறும் மிசோ சூப்பும் ஊறுகாயும். மீன் துண்டுகளை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடலாமே என்று நினைப்பீர்கள். முடியாது. காய்கறி வெந்த சாறே தாஷி என்ற மீன் சாறு. கத்சுவோ மீனைப் புகையிட்டுக் கட்டையாக உலர்த்தி, சீவிப் போட்டு எடுக்கும் சாறு அது. இலங்கையிலும் தென்கடற்கரையிலும் சமையலில் இடிக்கும் மாசிக் கருவாடும் அதே சூரை மீன் வகைதான் என்றால் உங்களுக்கு உடனே விளங்கும். மிசோ சூப்பிலும் அது இருக்கும், காய்க்குக் கொடுக்கும் தொட்டுக்கொள்ளும் சாற்றிலும் இருக்கும்.

ஆகவே முன்பதிவுக்கு முன்னால் எழுதிக் கேளுங்கள். "சைவம்" என்று ஒரு சொல்லோடு நிறுத்தினால் இறைச்சியை மட்டும் நீக்கிவிட்டு மீன் வைப்பார்கள், தவறு அவர்களுடையது ஆகாது. நிகு என்றால் இறைச்சி, சகானா மீன், தாமாகோ முட்டை, கத்சுவோ தாஷி மேலே சொன்ன சாறு. இவற்றில் எது எது ஆகாது என்று பட்டியலாக எழுதுங்கள். கொம்பு என்ற கடற்பாசியிலோ ஷிதாக்கே காளானிலோ எடுத்த சாறு சம்மதம் என்றும் சேர்த்து எழுதினால் சமையல்காரருக்கு வழி பிறக்கும். முடியாது என்று பதில் வந்தால் அதை மதித்து வேறு விடுதி பாருங்கள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்த பிறகு சொல்வது மட்டும் வேண்டாம்.

மீன் சாப்பிடுவேன். மாடும் பன்றியும் மட்டும் வேண்டாம். அதற்கும் இவ்வளவு எழுத வேண்டுமா?

ஒரு வரி போதும், ஆனால் அந்த ஒரு வரி அவசியம். மாட்டிறைச்சியைத்தான் பல விடுதிகள் சிறப்பு உணவாக வைக்கின்றன. முன்பே சொன்னால் அதற்குப் பதிலாக மீனோ கோழியோ தருவார்கள். பலருக்கு ஆளுக்கொரு சிறு அடுப்பும், அதன் அடியில் மெழுகு போன்ற எரிபொருள் வில்லையும் வைத்து, நகாய்-சான் தீ மூட்டிவிட்டுப் போகும் அந்தக் காட்சி நினைவில் நிற்கும். வில்லை எரிந்து அணையும்போது மேலே இருக்கும் உணவு சரியாக வெந்திருக்கும். மூடியை முன்னதாகத் திறந்து பார்க்காதீர்கள்.

கோவிலில் தங்கலாம் என்கிறார்களே, அதுவும் ரியோகானா?

அது ஷுகுபோ, கோவில் விடுதி. சைவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். வக்காயாமா மாநிலத்தில் உள்ள கோயா மலையில் ஐம்பதுக்கு மேற்பட்ட கோவில்கள் விருந்தினர்களுக்கு இடம் தருகின்றன. கூக்காய் என்ற துறவி 816இல் பேரரசரிடம் அனுமதி பெற்று நிறுவிய ஷிங்கோன் பௌத்தத் தலம் அது. அங்கே பரிமாறும் ஷோஜின் உணவில் இறைச்சி, மீன் இல்லை. பூண்டும் வெங்காயமும்கூட இல்லை. எள்ளை அரைத்துக் கூழாக்கி இறுக வைத்த கோமாதோஃபு நாக்கில் வைத்தவுடன் கரையும். பனியில் உறையவைத்து உலர்த்தும் சோயாக் கட்டிக்கு அந்த மலையின் பெயரே வைத்திருக்கிறார்கள்.

இரவுச் சாப்பாடு ஐந்தரை, ஆறு மணிக்கே வந்துவிடும். விடியற்காலை ஆறு மணி அளவில் மந்திர ஓதலுக்கு அழைப்பார்கள். கட்டாயம் இல்லை என்றாலும் போய் உட்காருங்கள். குளிர் காலத்தில் மரத்தரை பாதத்தைச் சுடுவது போலக் குளிரும். தடித்த காலுறை எடுத்துப் போங்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. தரையில் உட்காரவே முடியாது.

அழைத்துப் போகலாம், அதையும் முன்பே சொல்லுங்கள். மேசை நாற்காலியில் சாப்பாடு என்று கேட்டால் பெரும்பாலும் ஏற்பாடு செய்கிறார்கள். பாயும் கட்டிலும் இரண்டும் உள்ள அறைக்கு வாயோஷித்சு என்று பெயர், அதைத் தேர்ந்தெடுங்கள். பழைய மரக் கட்டடங்களில் மின்தூக்கி இருக்காது, ஆகவே தரைத்தள அறை இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

என் அம்மாவை அழைத்துப்போன விடுதியில் நாங்கள் எதையும் சொல்லியிருக்கவில்லை. வாசற்படியில் காலணியைக் கழற்ற அவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதை ஒகாமி பார்த்திருக்கிறார். நாங்கள் அறைக்குள் போய்த் தேநீர் குடித்து முடிப்பதற்குள் தாழ்வான நாற்காலி ஒன்று வந்துவிட்டது. குளியலறைக் கைப்பிடி எந்தப் பக்கம் என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினார். அம்மா அவரிடம் தமிழிலேயே பேசினார், அவர் ஜப்பானிய மொழியில் பதில் சொன்னார், இருவருக்கும் புரிந்தது.

குழந்தைகளை விடுவார்களா?

விடுதிக்கு விடுதி வேறுபடும். சிறு குழந்தைகளை ஏற்காத விடுதிகளும் உண்டு, முன்பதிவில் வயதை மறைக்காதீர்கள். சாப்பாடும் படுக்கையும் வேண்டுமா, படுக்கை மட்டும் போதுமா என்பதைப் பொறுத்துக் குழந்தைக் கட்டணம் அமையும். டயப்பர் கட்டும் வயதுக் குழந்தையைப் பொதுக் குளத்தில் இறக்க முடியாது. தாயுடன் மகனோ தந்தையுடன் மகளோ குளிப்பது ஏழு வயதுக்குக் கீழ்தான் என்பது இப்போதைய வழிகாட்டுதல். காகிதக் கதவுகளில் விரல் பட்டால் கிழியும், ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

நகாய்-சானுக்கு டிப்ஸ் கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். பெரிய விடுதிகளில் சேவைக் கட்டணம் பில்லிலேயே இருக்கும். கொக்கோரோசுகே என்று உறையில் பணம் வைத்துக் கொடுக்கும் பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது, ஆனால் யாரும் எதிர்பார்ப்பதில்லை. தனியாகச் சிரமப்படுத்தியிருந்தால் ஊரிலிருந்து கொண்டுபோன ஓர் இனிப்புப் பெட்டியைக் கொடுங்கள். கிளம்பும்போது "ஒசெவா நி நாரிமாஷித்தா" என்று சொல்லுங்கள். உங்கள் கவனிப்பில் இருந்தேன் என்று பொருள்.

காலையில் படுக்கையை நாங்களே மடித்து வைக்க வேண்டுமா?

தேவையில்லை. போர்வையை லேசாக மடித்து ஓரம் தள்ளினால் போதும். அலமாரிக்குள் வைத்துவிட்டால், எந்த உறையைத் துவைக்க வேண்டும் என்று தெரியாமல் அவர்களுக்குத்தான் இரட்டை வேலை.

இரண்டு பெரிய பெட்டிகள் இருக்கின்றன. மலையூருக்குத் தூக்கிக்கொண்டு போவதா?

தாக்குஹாய்பின் என்ற பொதி அனுப்பும் சேவையில் கொடுத்துவிடுங்கள். பக்கத்துப் பகுதிகளுக்கு மறுநாளே போய்விடும். ஹோட்டல் வரவேற்பிலேயே ஒப்படைக்கலாம். ஓர் இரவுக்கு ஒரு சிறு பை போதும். பல் துலக்கியும் துண்டும் அங்கியும் விடுதியிலேயே இருக்கும். கடவுச்சீட்டைப் பெட்டியோடு அனுப்பிவிடாதீர்கள். வெளிநாட்டுப் பயணிகள் விடுதியில் அதைக் காட்ட வேண்டும்.

ஒரே நேரத்தில் இரண்டு மூன்று விடுதிகளில் பதிவு செய்துவிட்டு, கடைசியில் ஒன்றை வைத்துக்கொண்டால் என்ன?

இப்படிக் கேட்டவர்கள் ஒருவர் இருவர் அல்ல. தயவுசெய்து செய்யாதீர்கள். பத்து, பதினைந்து அறைகளே உள்ள விடுதியில் உங்கள் அறையை வேறு யாருக்கும் தராமல் காத்திருப்பார்கள். மீனும் காயும் ஆள் கணக்குப் பார்த்து வாங்கியிருப்பார்கள். சைவச் சாப்பாடு கேட்டிருந்தால் உங்களுக்கென்று தனியாகச் சாறு எடுத்து வைத்திருப்பார்கள்.

ரத்துக் கட்டணம் பெரும்பாலும் சில நாட்களுக்கு முன்பிருந்தே தொடங்கி, நாள் நெருங்க நெருங்க ஏறும். வராமலே இருந்துவிட்டால் முழுத் தொகையும் போகும். பயணம் மாறிவிட்டால் அன்றைக்கே எழுதிச் சொல்லுங்கள். காரணம் நீளமாக எழுத வேண்டியதில்லை, தேதியும் பெயரும் மன்னிப்பும் போதும்.